மைக் டீச்சர் பேசாத மாதம்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘மைக்’. அவர் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து மனப்பாடம் செய்துவிடும். பதினெட்டு வருடம் அப்படிக் கத்தியதில் தொண்டையில் ஒரு கட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. டாக்டர் அதை எடுத்துவிட்டு, “ஒரு மாசம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னுகூட” என்றார்.

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்பதான் நான் பேசறது எனக்கே கேக்குது” என்றார் கணவர். டீச்சர் தலையணையை எடுத்து வீசினார். பதில் சொல்ல வேறு வழியில்லை.

இரண்டு வாரத்தில் விடுப்பு தீர்ந்தது. மாற்று ஆளும் கிடைக்கவில்லை. வகுப்புக்குப் போய்க் கரும்பலகையில் எழுதிப் பார்த்தார். அவர் முதுகைக் காட்டியதுமே அறை சந்தைக்கடை ஆனது. மூன்றாம் நாள் ஒரு பெரிய தட்டோடு வந்தார். அதில் சாவி, பூட்டு, கரண்டி, ஆணி, கத்தரிக்கோல், இறகு, இலை, பென்சில், பொத்தான், கிளிஞ்சல், கூழாங்கல், ஒரு விதை. பலகையில் எழுதினார்: ‘இதில் ஒன்றை நினைத்திருக்கிறேன். கேளுங்கள். தலையாட்டுவேன்.’

“சாவியா டீச்சர்?” இல்லை. “இறகா?” இல்லை. “கரண்டி, கரண்டி!” வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டு ஒன்பதாவது தடவையில் ஆணியைப் பிடித்தார்கள். டீச்சர் உதட்டைப் பிதுக்கிவிட்டு எழுதினார்: ‘அடுத்ததுக்கு நாலே கேள்வி.’

“அநியாயம் டீச்சர்!”

இரண்டாம் வரிசையிலிருந்து தையல்காரரின் மகள் எழுந்தாள். “அது இரும்பா?”

இல்லை. அவள் நேராக வந்து சாவி, பூட்டு, கரண்டி, ஆணி, கத்தரிக்கோலை அள்ளி ஓரமாக வைத்தாள். “ஒரே கேள்வியில அஞ்சு போச்சுடி!” என்று யாரோ கூவினார்கள்.

“தண்ணியில மிதக்குமா?” என்றான் ஒருவன். அதுவும் இல்லை. ஆனால் எதெது மிதக்கும் என்று சண்டை வந்துவிட்டது. டீச்சர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். இறகும் இலையும் பென்சிலும் மிதந்தன, விலகின.

“ஓட்டை இருக்கா டீச்சர்?” மறுபடி அவள்தான். ஆமாம்! பொத்தான்.

“எப்படிடி?”

“அப்பா பட்டன் டப்பால அப்படித்தான் தேடுவேன். ரெண்டு ஓட்டையா, நாலு ஓட்டையான்னு முதல்ல பிரிச்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது.”

அன்றிலிருந்து வகுப்பு வேறு மாதிரி ஆனது. இலைகளைக் கொண்டுவந்தார்கள், ஓரம் ரம்பம் மாதிரியா, வழவழப்பா என்று கேட்டுக் கேட்டுக் கூறு போட்டார்கள். ஒருநாள் மதியம் கேள்விகள் டீச்சர் பக்கம் திரும்பின.

“தொண்டை வலிக்குதா?” இல்லை.

“எங்க மேல கோபமா?” இல்லவே இல்லை.

“குரல் பழையபடி வந்துடுமா?”

தலை அசையவில்லை. ஆமாமென்று ஆட்ட மனசாட்சி விடவில்லை. இல்லையென்று ஆட்ட மனசு வரவில்லை. கண் கலங்கிப்போனதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள்.

“இந்தக் கேள்வி வேணாம்பா” என்றாள் தையல்காரரின் மகள், மெதுவாக. “வேற கேளுங்க.”

மாதம் முடிந்ததும் குரல் வந்தது, பாதியாக. கொஞ்சம் கரகரப்பு, பின்வரிசை வரைக்கும்தான் எட்டியது. அந்தக் காலை அவர் வணக்கம் சொன்னதும் எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டார்கள்.

“இன்னைக்கு நாங்க நினைச்சுக்கறோம் டீச்சர். நீங்க கேளுங்க.”

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். “அதுக்கு உயிர் இருக்கா?”

அவரையே பார்த்தபடி முப்பது தலைகள் ஆமாமென்று ஒன்றாக ஆடின.