ஐஸ்கார லெய்சரின் பன்னிரண்டாம் மாதம்

லெய்சரை நல்லவன் என்று யாராவது சொன்னால் ஜெருசலேமில் எங்கள் சந்தே சிரிக்கும். கெட்டவன் என்று சொன்னால் அடிக்க வரும். அப்படிப்பட்ட ஆள் அவன். இருபத்தைந்து வருஷம் எங்களுக்கு ஐஸ் விற்றான். வண்டியை இழுத்த கழுதைக்குப் பார்வோன் என்று பெயர் வைத்திருந்தான். "எகிப்துல நம்ம பாட்டன் பூட்டனை வேலை வாங்கினான்ல? இப்ப இவன் இழுக்கட்டும்" என்பான். கோணியை விலக்கி, பெரிய கட்டியை ரம்பத்தால் அறுத்துத் தருவான். அரைக் கட்டி கேட்டால் அரைக் கட்டி வராது. ஒரு மூலை எப்போதும் குறையும். சண்டைக்குப் போனால் வானத்தைக் காட்டுவான்.

"நான் என்ன பண்றது? சூரியனை வெச்சவர்கிட்ட போய்க் கேளு."

ஜனவரி மழையில் நனைந்துகொண்டே கேட்டாலும் இதே பதில்தான்.

நான் யோய்னே. அந்தச் சந்தில் இருக்கும் ஜெபாலயத்தைப் பெருக்குவதும், விளக்கு பார்ப்பதும், பலகையில் தேதி எழுதுவதும் என் வேலை. பிரசங்கம் தொடங்கினால் லெய்சர் தூங்கிவிடுவான். தட்டி எழுப்புவதும் என் வேலைதான். ஒரு நாள் எங்கள் மதகுரு ரபி நரகத்து நெருப்பைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். லெய்சர் தானாகவே கண்ணைத் திறந்தான். "ரபி, அங்க ஐஸ் வியாபாரம் எப்படி ஓடும்?" என்று கேட்டான். அன்றைக்குப் பிரசங்கம் அத்தோடு முடிந்தது.

ஐம்பத்தாறாம் வருஷம், எங்கள் யூத நாட்காட்டியின் ஆவ் மாதத்து வெயிலில், மூன்றாம் மாடிக்குக் கட்டி தூக்கிப் போகும்போது படியிலேயே சரிந்து செத்தான். மனைவி ஹிண்டா. பிள்ளைகளில் ஆண் ஒருவன்தான், செலிக், பஸ் டிரைவர். அப்பனுக்காக அவன்தான் தினமும் காலையும் மாலையும் பத்துப் பேருக்கு நடுவில் எழுந்து நின்று, செத்தவருக்கான ஜெபமான கதீஷ் சொல்ல வேண்டும். சொன்னான். ஒரு நாள் தவறவில்லை.

கதீஷுக்கு ஒரு கணக்கு உண்டு. செத்தவனின் ஆத்மா மேலே போவதற்கு முன் கெஹினோம் என்கிற நரகத்தில் கொஞ்ச காலம் கிடந்து அழுக்குப் போக வேண்டும். எப்பேர்ப்பட்ட பாவிக்கும் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் கிடையாது. மகன் கதீஷ் சொல்லச் சொல்ல அப்பன் மேலே ஏறுவான். ஆனால் பன்னிரண்டாம் மாதமும் சொன்னால், 'என் அப்பன் முழுத் தண்டனைக்கும் உரிய பாவி' என்று மகனே ஊரறியச் சொன்ன மாதிரி. அதனால் பதினோரு மாதத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

பத்தாம் மாத முடிவில் மகளின் பிரசவத்துக்கு ஹிண்டா ஹைஃபா நகரத்துக்குக் கிளம்பினாள். "கணக்கு தப்பிடாதேடா, பதினோரு மாசம்தான்" என்று பஸ் படியில் நின்றபடி மகனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். செலிக்கும் விரல் விட்டு எண்ணினான். ஆவ் மாதம் செத்தார், தமூஸ் மாதத்தில் பதினொன்று முடிகிறது. சாதாரண வருஷமென்றால் அது சரிதான். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் நாட்காட்டியில் ஒரு மாதம் கூடும்; அது அப்படிப்பட்ட வருஷம். ஆதார் மாதம் இரண்டு தடவை வந்தது. அவன் விரலில் ஒரு ஆதார்தான் இருந்தது.

தமூஸுக்கு முந்திய சிவான் மாதத்தோடேயே கெடு முடிந்த மறுநாள் செலிக் வழக்கம்போல எழுந்து கதீஷ் ஆரம்பித்தான். நான் தையல்கார கல்மனைப் பார்த்தேன். கல்மன் கசாப்புக்கடை ஃபிஷலைப் பார்த்தான்.

"சொல்லலாமா?" என்றான் கல்மன்.

"அவங்கப்பனைப் பத்தி அவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது? வீட்டுக்குள்ள என்னென்ன நடந்துச்சோ!" என்றான் ஃபிஷல்.

பலகையில் தேதி எழுதுகிற நானாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் என் வீட்டுக்கு வராமல் போன ஐஸ் மூலைகள் ஞாபகம் வந்தன. வாயை மூடிக்கொண்டேன். போகப் போக நாங்கள் ஆமென் சொல்கிற சத்தம் மட்டும் கூடியது. பாவம் லெய்சர், கூடக் கொஞ்சம் தள்ளிவிட்டால் ஏறிவிடுவானே என்ற நல்லெண்ணம்தான்.

ஹிண்டா முந்தின நாளே ஊர் திரும்பி, மூன்றாவது வாரம் ஓய்வுநாளான சபாத் காலையில், திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். எங்களுக்குத் தெரியாது. செலிக் எழுந்து நான்கு வார்த்தை சொல்வதற்குள் திரை படாரென்று விலகியது.

"டேய் செலிக்! உக்காருடா!"

செலிக் திரும்பினான். "அம்மா, தமூஸ் வரைக்கும்..."

"இந்த வருஷம் ஆதார் எத்தனை?"

அவன் உதடு அசைந்தது. விரல் மடங்கியது. "ரெண்டு..."

"பஸ்ல ஏறுற ஆளையெல்லாம் சரியா எண்ணுற. பெத்த அப்பனுக்கு எண்ண வராதா?" பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "இவனுக்குத்தான் எண்ணத் தெரியல. இத்தனை ஆம்பளைங்க இருக்கீங்களே, வாயில மண்ணையா அடைச்சிருந்தது? யோய்னே! போர்டுல தேதி எழுதுறது உன் கைதானே?"

"இல்லக்கா... பையனுக்கு விவரம் தெரிஞ்சிருக்கும்னு..."

"என்ன விவரம்?"

என் வாயில் சனி. ஹிண்டா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப எல்லாரும் அவர் அங்கதான் கிடக்காருன்னு நினைச்சீங்க" என்றாள் மெதுவாக.

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மெதுவான குரல் தாங்கவில்லை. எனக்கு அன்று வந்த வெட்கம் என் கல்யாணத்தில்கூட வந்ததில்லை.

ரபிதான் எழுந்தார். "தப்பு எங்க மேலதாம்மா. நான்கூட மாசத்தைக் கவனிக்கல. பரிகாரம் நீயே சொல்லு."

தொழுகை முடிந்தால் நடு மேஜையில் உப்பு மீனும் உருளைக்கிழங்குப் பணியாரமும் வோட்காவும் வைத்துச் சாப்பிடுவோம். ஹிண்டா நேரே வந்து போத்தலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவர் செஞ்ச நல்லதை ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க. சொன்னவங்களுக்கு ஊத்துறேன்."

ஜூலை வெயில். எல்லோருக்கும் நா வறண்டது. ஆனால் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஒரு மனிதனின் இருபத்தைந்து வருஷத்தைத் துழாவிக்கொண்டு இருபது பேர் கூரையைப் பார்த்தோம். செலிக் தலை நிமிரவே இல்லை.

கடைசியில் கல்மன் தொண்டையைச் செருமினான். "என் பொண்ணுக்கு ஒரு வாரம் காய்ச்சல் கொதிச்சுது. தினம் ஒரு மூலை ஐஸ் கொண்டுவந்து நெத்தியில வைக்கச் சொன்னான். வெளியில சொன்னா உதைப்பேன்னான்."

ஹிண்டா ஊற்றினாள்.

"எனக்கும்தான்" என்றார் ரபி. "என் ஊசி மருந்து கெடாம இருக்க, தினம் காலையில வாசல்ல ஒரு துண்டு. பேப்பர்ல சுத்தி வெச்சிருப்பான். எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன்."

அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, பிறகு இன்னொருத்தி. பால் கெடாமல் வைக்க வழியில்லாத கைக்குழந்தைக்காரி. கால் வீங்கிய விதவை. எல்லாம் ஒரு மூலை, ஒரு மூலை. என் மனைவி கை சுட்டுக்கொண்டபோது வந்த துண்டு எனக்கும் ஞாபகம் வந்தது. நன்றிகெட்டவன், அதை மட்டும் மறந்திருக்கிறேன்!

ஃபிஷலுக்கு எதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறும். திடீரென்று மேஜையைத் தட்டினான்.

"இருங்க, இருங்க. இந்த மூலையெல்லாம் எங்கேருந்து வந்துச்சு? கடைக்குத் தினம் ரெண்டு கட்டி வாங்குறவன் நான்! அது என் ஐஸ்!"

ஜெபாலயமே அதிர்ந்தது. சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறியது. செலிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"இருபத்தஞ்சு வருஷமா என் கட்டியை அறுத்து ஊருக்குத் தர்மம் பண்ணியிருக்கான் திருட்டுப் பய!"

"கோவப்படாதடா, புண்ணியம் உனக்கும்தானே" என்றான் கல்மன்.

"அப்ப எனக்குப் பாதி வேணும்!"

"பாதி கேளு, தருவாரு" என்றாள் ஹிண்டா, அவன் கோப்பையை நிரப்பியபடி. "ஒரு மூலை குறையும், அவ்வளவுதான்."

திருடிய ஐஸில் செய்த தர்மம் பாவமா புண்ணியமா என்று ரபியிடம் கேட்டோம். "மேல இருக்கிற நீதிமன்றத்துலயும் இதே தகராறுதான் நடந்துக்கிட்டிருக்கும்" என்று சொல்லி அவரும் கோப்பையை நீட்டினார். 'வாழ்வுக்கு!' என்று வழக்கம்போல வாழ்த்திக் குடித்தோம். ஃபிஷல் மூன்று தடவை குடித்தான்.

சாயங்காலம் மறுபடி கூடினோம். சபாத் நாளில் கெஹினோமிலும் நெருப்பு அணைந்துவிடும். ஆத்மாக்களுக்கு அன்று விடுமுறை. பூமியில் கடைசிக் கூட்டம் சபாத்தை வழியனுப்பும் தொழுகையை முடிக்கிறவரை அவர்கள் திரும்பிப் போக வேண்டியதில்லை. அதனால் அந்தத் தொழுகையை இழுத்து இழுத்துச் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். உண்மையில் எங்கள் இடத்தில் ஓட்டம்தான். சபாத்தில் நெருப்பு பற்றவைக்கக் கூடாது என்பதால் நாள் முழுக்க சிகரெட் தொடாத வாய்கள். ஃபிஷல் தீப்பெட்டி வைத்த இடத்தை நினைத்துக்கொண்டேதான் ஆமென் சொல்வான். வேகத்தில் முதலிடம் செலிக்குக்கு. பஸ்ஸை ஓட்டுவது போலவே தொழுகையையும் ஓட்டுவான்.

சபாத் முடிந்ததற்கு அடையாளமாக வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்தது. நான் செலிக்கை முன்னால் நிற்கச் சொன்னேன். அவன் ஆரம்பிக்க மூச்சு இழுக்கும்போது திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"செலிக்."

"என்னம்மா?"

"உங்கப்பா மேலதான் இருக்காரு. எனக்கு அதுல சந்தேகமே இல்ல."

"சரிம்மா."

"இருந்தாலும் கொஞ்சம் மெதுவா சொல்லு."

மெதுவாகச் சொன்னான். நாங்களும் அவன் கூடவே மெதுவாகச் சொன்னோம். எல்லோரும் முடித்து நின்றபோது ஒரே ஒரு குரல் மட்டும் இன்னும் கடைசி வரியை இழுத்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஃபிஷல், கண்ணை மூடிக்கொண்டு.