கக்கூஸ் கட்டிய கழகம்

பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பொறுப்பு வகிப்பது சம்பளமில்லாத உத்தியோகம். ஆனால் திட்டு மட்டும் மாதா மாதம் தவறாமல் வந்துவிடும். மேடையில் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து, தோளில் ஒரு துண்டை வாங்கிக்கொண்டு, ஆறிப்போன காபியைக் குடித்தபடி "மாணவச் செல்வங்களே" என்று யாரோ முழங்குவதற்குத் தலையாட்டியிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள், நம் பாட்டை நாம் பேசுவோம்.

பதவி தேடி வந்த கதை

தொண்ணூறுகளின் நடுவில் சூலூரிலிருந்து பல்லடம் போகும் வழியில் ஓர் ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். என் மகள் கவிதா அந்த ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து போர்வெல் மோட்டார் புகைந்துபோய் என் கடைக்கு வந்தது. காயில் கட்டி முடித்து, மாட்டிவிட்டு வரலாம் என்று ஒரு சனிக்கிழமை போனேன். அங்கே பொதுக்குழு நடந்துகொண்டிருந்தது. போட்டோகிராபர் வந்து நிற்கிறார், மேடையில் ஒரு நாற்காலி காலி. ஓட்டைப் பல் மாதிரி போட்டோவில் தெரியுமே என்று தலைமையாசிரியருக்குக் கவலை. கையில் கிரீஸும் ஸ்பேனருமாகப் போன என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

போட்டோ எடுத்து முடிந்தது. அந்த நாற்காலி துணைத் தலைவருக்கு உரியது என்றும், உட்கார்ந்த நானே துணைத் தலைவர் என்றும் திங்கட்கிழமை கவிதா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்ட அழகு இன்னும் காதில் இருக்கிறது: "ஏனுங்க, மோட்டாரு எங்கீங்க போயிரப் போகுது? போட்டோ எடுக்கற வரைக்கும் செத்த உக்காந்துபோட்டுப் போங்க."

தலைவர்

எங்கள் கழகத் தலைவர் பள்ளிக்கூட மதிலை ஒட்டியே தறி ஷெட் வைத்திருந்த முதலாளி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை மாருதி வேன். அரசுப் பள்ளியின் அருமையைப் பற்றி மைக் பிடித்தால் கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் ஊட்டியில் கான்வென்டில் படித்தார்கள்.

பெற்றோர்தானே தலைவராக இருக்க வேண்டும், இவர் பிள்ளைகள் இங்கே படிக்கவே இல்லையே என்று தலைமையாசிரியரிடம் தனியாகக் கேட்டேன். அவர் ரிட்டயர் ஆகும் வயதில் இருந்தவர். வம்பு எந்தத் தெருவில் வந்தாலும் அடுத்த தெருவில் நடக்கிற மனிதர். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவரும் பெத்தவருதானுங்களே. பெத்து எங்க படிக்க வெச்சாருன்னு ரூல்ல கேக்கலீங்க."

பாக்கலாமுங்க

எங்கள் ஊர்ப்பக்கம் யாரையும் முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்று சொல்ல மாட்டோம். அது மரியாதைக் குறைவு. "பாக்கலாமுங்க" என்போம். கேட்டவர் புரிந்துகொண்டு எழுந்து போய்விடுவார். பச்சைப் பிள்ளைக்கும் இது தெரியும். எங்கள் கழகத்தில் எந்தத் தீர்மானமும் தோற்றதே கிடையாது; எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று வைத்திருந்தோம்.

அந்த வருஷம் நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஸ்டெல்லா டீச்சர் மாற்றலாகி வந்தார். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு. முதல் கூட்டத்திலேயே எழுந்து, பெண் பிள்ளைகளுக்குக் கக்கூஸ் வேண்டும் என்றார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த வேலங்காடு முழுக்க சைட் பிரித்து விற்றுப்போய்விட்டது. பிள்ளைகளுக்கு ஒதுங்க இடமில்லை. காலையில் வந்தால் சாயங்காலம் வீடு போகும்வரை பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. பெரியவளானதும் ஒவ்வொருத்தியாக நின்றுவிடுகிறார்கள். அடுத்து நிற்கப்போவது மல்லிகா என்றார்.

மல்லிகாவை எனக்கும் தெரியும். கவிதாவுக்குப் பக்கத்தில் உட்காருகிற பெண், கணக்கில் வகுப்புக்கே முதல். அப்பா தலைவரின் ஷெட்டில் தறி ஓட்டுகிறவர், அம்மா ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டுக்குப் போகிறவர். கக்கூஸ் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு வயசுக்கு வந்த பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். அதே ஷெட்டில் தார் சுற்ற, அதாவது நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்ற, ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது. தலைவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "பாக்கலாமுங்க டீச்சர்" என்றார். நாங்கள் எல்லோரும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தோம். ஸ்டெல்லா டீச்சர் உட்காரவில்லை. எங்கள் கழகத்தின் சரித்திரத்தில் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்: "எப்பம் பாப்பீங்க சார்?"

மூலை

தேதி சொல்வதைவிடக் கட்டுவது சுலபம் என்று கக்கூஸ் கட்ட ஒப்புக்கொண்டோம். இனி இடம் பார்க்க வேண்டும். அப்போது கோயமுத்தூர் முழுக்க வாஸ்துக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்த நேரம். நல்லா இருக்கிற வாசல்படியைக்கூட இடித்து வேறு பக்கம் வைத்தார்கள். எங்களுக்கும் ஒரு வாஸ்துக்காரர் வந்தார். திசைகாட்டியை வைத்துப் பார்த்து, கக்கூஸுக்கு வடமேற்கு மூலைதான் என்றார். பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம், மறைவான இடம். ஸ்டெல்லா டீச்சர் முகத்தில் சிரிப்பு வந்தது.

ஆனால் அந்த மூலைக்கு அந்தப் பக்கம் தலைவரின் ஷெட். நாற்றம் வந்தால் தறியாட்கள் எப்படி வேலை செய்வார்கள் என்று தலைவருக்குத் தொழிலாளர் நலன் பொங்கியது. வாஸ்துக்காரரும் தலைவரும் வேனுக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசினார்கள். இறங்கி வந்தபோது வாஸ்து மாறியிருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில், பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரில், டீக்கடை பெஞ்சிலிருந்து பார்த்தால் கதவு தெரிகிற இடம்தான் உத்தமம் என்றார்கள். பெண் பிள்ளைகள் எப்படிப் போவார்கள் என்று டீச்சர் கேட்டதற்குத் தலைவர் பெருந்தன்மையோடு சொன்னார்: "நாலு பேரு பாக்கற எடமுங்க டீச்சர். புள்ளைங்களுக்கு அதைவிடப் பாதுகாப்பு எங்கீங்க இருக்குது?"

கல்வெட்டு

டீச்சர் சண்டை பிடித்து முன்னால் ஒரு மறைப்புச் சுவர் வாங்கிவிட்டார். சிமென்ட் மதுக்கரையிலிருந்து வருவதற்கு முன்பே கல்வெட்டு வந்துவிட்டது. கறுப்புக் கல், தங்க எழுத்து. "எம்பேரு எதுக்குங்க, வேண்டாமுங்க" என்று ஒவ்வொருவரும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே தன் பேருக்கு இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். என் பேரும் இருந்தது, துணைத் தலைவர் என்று. பொய் சொல்வானேன், எனக்கும் மனசு குளிர்ந்துதான் போனது.

பிரச்சினை என்னவென்றால், கல் பெரிசு, கக்கூஸ் சின்னது. சுவரில் எங்கே வைத்தாலும் ஒரு பக்கம் துருத்தியது. கடைசியில் கொத்தனார் ஒரு வழி பண்ணி, கல்லை ஜம்மென்று பதித்துவிட்டார். எல்லோரும் தட்டிக்கொடுத்தோம். உள்ளே போய்ப் பார்த்தால் கும்மிருட்டு. ஜன்னல் எங்கே என்று டீச்சர் கேட்டார். கொத்தனார் கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "சன்னலு மேலதானுங்க கல்லு உக்காந்திருக்குது. காத்து வேணுமின்னா நாலு பேரைக் கொறைச்சுட்டு வாங்க."

யாரும் குறையவில்லை.

பூட்டு

கட்டி முடித்து, வெள்ளையடித்து, பூட்டும் போட்டோம். மந்திரி வந்துதான் திறக்க வேண்டும் என்பது தலைவரின் ஆசை. மந்திரி இந்த வாரம் என்பார், அடுத்த வாரம் என்பார்; பந்தல்காரர் பந்தல் போடுவார், பிரிப்பார். சாவி தலைவரின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. பெண் பிள்ளைகள் புத்தம்புதுக் கக்கூஸைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். கிளாஸ் நடக்கும்போதே ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது. டீச்சர் தலைவரின் ஷெட்டுக்கே போய்ச் சாவி கேட்டார். தலைவர் அதிர்ந்துபோய், "மந்திரி தொறக்கறதுக்கு முன்னால யாராச்சும் போயிட்டா நல்லாவாங்க இருக்கும்?" என்றாராம்.

அதற்குள் மல்லிகா பெரியவளானாள். சீர் முடிந்து வந்த பிள்ளையை அம்மா மத்தியானம் வந்து வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். மில்லில் எத்தனை நாள் விடுவார்கள்? ஒரு நாள் எங்கள் கூட்டம் நடக்கும்போது அந்த அம்மா நேராக உள்ளே வந்துவிட்டார். கூட்டத்துக்குத் தாய்மார்கள் வந்தால் உப்புமா பரிமாறச் சொல்வதுதான் எங்கள் வழக்கம். தலைவர் எழுந்து, "வாங்க அம்மணி, மேல வாங்க, மேடையில ஒக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். மரியாதைக்கு எங்களிடம் என்றைக்கும் குறைவில்லை. அந்த அம்மா வாசலிலேயே நின்றார். பிள்ளையைத் தார் சுற்ற விடச்சொல்லி வீட்டுக்காரர் பிடிவாதமாக இருக்கிறார், இன்றைக்குச் சாவி கிடைத்தால் நாளைக்கு அவள் பள்ளிக்கூடம் வருவாள் என்றார். தலைவர் அந்த வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தார். அந்த அம்மா முந்திக்கொண்டார்: "எனக்குச் சேரு வேண்டாமுங்க. சாவியக் குடுங்க."

சாவி கிடைக்கவில்லை. உப்புமா சாப்பிட்டுப் போகச் சொன்னோம்.

திறப்பு விழா

ஒருவழியாக மந்திரி வந்தார். அந்தியூர் சந்தைக் குதிரை மாதிரி தலைவர் சிங்காரித்துக்கொண்டு நின்றார். மாலை, மேளம், பெண் பிள்ளைகளின் வரவேற்பு நடனம். ரிப்பன் வெட்டி, கதவைத் திறந்து, பெண் கல்வியைப் பற்றி மந்திரி பேசினார். பேச்சு பாதியிலேயே நின்றது. உதவியாளர் காதில் ஏதோ சொன்னார். மந்திரி மேடையை விட்டு இறங்கி, மறைப்புச் சுவருக்குப் பின்னால் போய், முகம் தெளிந்து திரும்பி வந்தார். வெகுதூரம் காரில் வந்தவர், பாவம். ஊரே கைதட்டியது.

மறுநாள் கதவில் திரும்பவும் பூட்டு. மந்திரி போன இடத்தைப் பிள்ளைகள் அசிங்கம் பண்ணிவிடுவார்கள், அதிகாரிகள் வந்தால் மட்டும் திறக்கலாம் என்று தலைவர் உத்தரவு. ஸ்டெல்லா டீச்சர் என் கடைக்கு வந்தார். அழுவாரோ என்று பயந்தேன். பெஞ்சில் கிடந்த ஹாக்ஸா பிளேடைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துணைத் தலைவர் என்ற முறையில் நான் செய்த ஒரே வேலை அன்று சாயங்காலம் நடந்தது; பூட்டு ரொம்ப மட்ட ரகம். காலையில் தலைவர் குதித்துக்கொண்டு வந்தார். போலீசைக் கூப்பிடுங்கள், யார் அறுத்தது என்று கண்டுபிடியுங்கள் என்றார். வம்புக்கு அடுத்த தெருவில் நடக்கிற எங்கள் தலைமையாசிரியர், வரிசையில் நிற்கிற பெண் பிள்ளைகளைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "பாக்கலாமுங்க."

மதிலுக்கு அந்தப் பக்கம்

சந்தோஷமாக மல்லிகாவைக் கூப்பிடப் போனேன். வீடு பூட்டியிருந்தது. ஷெட்டுக்குப் போனேன். தறிச் சத்தத்தில் காது அடைத்தது. மதிலை ஒட்டி, அந்த வடமேற்கு மூலைக்கு நேர் பின்னால், தார் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி முழுக்கப் பஞ்சு. கணக்கு நோட்டில் எண்களை ஓட்டுகிற அதே வேகத்தில் விரல் நூலைப் பிடித்து ஓட்டியது. அந்தச் சத்தத்தையும் மீறிப் பள்ளிக்கூடத்து மணி கேட்டது. அவள் திரும்பவில்லை.

பக்கத்தில் குனிந்து, கத்தித்தான் சொன்னேன். பூட்டு போயாச்சு கண்ணு, கக்கூஸ் திறந்தாச்சு, கவிதா உனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாள், டீச்சர் கேட்கிறார், நாளைக்கு வந்துவிடு என்றேன். அவள் மெஷினை நிறுத்தினாள். எழுந்து நின்று, பாவாடையை உதறி, என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வீடு தேடி வந்த பெரிய மனுஷனை மனம் நோகாமல் அனுப்பிவைக்கிற பெரிய பொம்பளை மாதிரி, அந்தச் சின்னப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "பாக்கலாமுங்க மாமா."

எங்கள் கழகம் அந்தப் பிள்ளைக்கு உருப்படியாகச் சொல்லிக்கொடுத்த பாடம் அது ஒன்றுதான், அதிலும் அவள் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டாள்.