பார்த்தேன் என்று சொல்ல ஒரு ஆள்

போன வாரம் சிட்லபாக்கத்தில் லுங்கியோடு உட்கார்ந்து உலகத்துக் கணினிகளையெல்லாம் காப்பாற்றினேன்.

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலில் ஒரு நிரல் மெமரியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று அதை அழித்துவிடும். மூன்று வாரம் தேடி, மற்றது தொடாதபடி பூட்டுப் போடும் வரியை ஒரு வரி மேலே நகர்த்தினேன்.

இன்று டீக்கடை அண்ணனிடம் இதை முழங்கினேன்.

“ஒரு வரிக்கா சார் மூணு வாரம்? முடிஞ்சிச்சா?”

“இல்லண்ணா. வேற யாராச்சும் பார்த்து, சரின்னு பேர் போடணும். கெர்னல் குழுவுக்கு அனுப்பி எட்டு நாளாச்சு, ஒரு பதிலும் இல்ல.”

“வூட்ல யாரும் இல்லியா சார், பாக்க?”

“நான் மட்டுந்தான்.”

கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “என் பேரப் போட்டுக்க சார். நா பாத்துட்டேன்.”

அது செல்லாது. ஆனாலும் இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கெர்னல் தெரியாதவர்களும் இந்தப் பதிவின் கீழே “பார்த்தேன்” என்று போடலாம். உலகத்தைக் காப்பாற்றிய மாமன்னன் நான் காத்திருக்கிறேன்.