நாற்பத்தெட்டுச் சுற்று

அத்தை மோட்டார் பட்டறையை விட்டு வெளியேறியது ஒரு செவ்வாய்க்கிழமை. ஏழு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் பெட்டியோடு அவள் வீட்டில் வந்து இறங்கியதும் அன்றுதான்.

அத்தை காயில், அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள், கட்டுகிறவள். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, எந்தக் கனத்தில் கம்பி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொண்டு புதிதாகக் கட்டுவாள். பத்தொன்பது வருடத்தில் நானூறு வகை மோட்டார். மேற்பார்வை வேலையை, நேற்று வந்த ஒரு பையனுக்கு முதலாளி தூக்கிக் கொடுத்ததும் நின்றுவிட்டாள்.

"நோட்டை வச்சுட்டுப் போம்மா. அது பட்டறை சொத்து. ஒரு நம்பர்கூட வெளிய போகக் கூடாது," என்றாராம் முதலாளி.

"நோட்டு உங்களுது. எண்ணினது நான்."

நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

எண்களெல்லாம் வீட்டிலும் இருந்தன, அவளுடைய பழங்காலக் கம்ப்யூட்டரில். டிவியில் மாட்டி, கேசட்டில் பதிகிற ரகம். இப்போது சூடேறிப் பத்து நிமிடத்தில் திரை கறுத்துவிடுகிறது. அது மொத்தமாகப் படுப்பதற்குள் அச்செடுத்தாக வேண்டும். பிரிண்டர் இருந்தது. கேபிளை எலி தின்றிருந்தது. இரு முனைகளிலும் இருந்த பிளக்குகள்தான் மிச்சம்.

எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் சிரித்தார். "இதுக்குக் கேபிளா? மியூசியத்துல கேளுங்கம்மா."

"அங்கேருந்துதான் வர்றேன். ரெண்டு மீட்டர் பட்டை வயர் வெட்டுங்க."

மூன்று நாள் சாப்பாட்டு மேசையில் ஈயப் புகை. நான் வயரைப் பிடிக்க, அத்தை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தாள். நான்காம் நாள் பிரிண்டர் கரகரவென்று ஓடியது. பார்க்க வந்திருந்த அப்பா கை தட்டினார்.

"வந்துருச்சுக்கா! கிழிச்சு எடு!"

அத்தை முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். "எண்பத்திநாலு சுத்தா? இது நாப்பத்தெட்டுடா. இதைப் பாத்துக் கட்டினா மோட்டார் ஒழுங்கா ஓடாது."

நாலெல்லாம் எட்டு, எட்டெல்லாம் நாலு. ஐந்தும் ஒன்பதும் அதேபோல. ஆறு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளி. எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

"தப்பு ஒரே மாதிரி வருதுடி. அப்ப எந்தக் கம்பியும் அறுந்து போகல, ரெண்டு கம்பி இடம் மாறியிருக்கு."

ஒரு காயிலின் முடிவைக் குறுக்கே கொண்டுபோய் அடுத்ததன் தொடக்கத்தில் சேர்த்துப் பழகிய கை, நாலாம் கம்பியையும் ஐந்தாம் கம்பியையும் மாற்றிப் போட்டிருந்தது. பிரித்து ஒட்டினாள். நாற்பத்தெட்டு வந்தது.

பதினொரு தாள். நகலெடுத்து, காயில் கட்டும் பெண்கள் இருக்கிற பட்டறையெல்லாம் ஏறி இறங்கிக் கொடுத்தாள்.

"முதலாளி கேஸ் போட்டா என்னக்கா பண்ணுவே?" என்றார் அப்பா.

"போடட்டுமே. ஜட்ஜ் முன்னாடி உக்காந்து ஒரு மோட்டாரைப் பிரிச்சு எண்ணிக் காட்டறேன்."

யாரும் போடவில்லை. இரண்டு வருடம் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து அத்தையின் போனுக்கு ஒரு மோட்டாரின் படத்தோடு ஒரு செய்தி வந்தது.

"அக்கா, உங்க தாளோட நகலுக்கு நகல் எங்கிட்ட இருக்கு. அதை வச்சுத்தான் வேலை கத்துக்கிட்டேன். இந்த மோட்டார் அதுல இல்ல, நானே எண்ணினேன். நூத்திப் பன்னெண்டு சுத்து. சேத்துக்கோங்க."