மல்லிகை வலையும் என் ஓட்டை வாயும்

படகில்

ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குப் போகும் படகில், மடியில் கோயில் அலங்காரத்துக்கான ஒரு பூப்பெட்டியும் காலடியில் இன்னும் இரண்டுமாக இருந்தபோதுதான் அது தோன்றியது. எதிரே ஒரு வலை குவிந்து கிடந்தது. அலை ஒன்று அடித்துத் தெறித்தது. வெயில் பட்டதும் வலையின் முடிச்சுக்கு முடிச்சு ஒரு துளி தண்ணீர் நின்று மின்னியது.

அம்மனுக்குப் பின்னால் இப்படி ஒரு வலை. புது நூலால் பின்னிய வலை. முடிச்சுக்கு முடிச்சு ஒரு மல்லிகை மொட்டு. தீர்த்தத் திருவிழாவன்று கடலுக்கு எழுந்தருளுகிற அம்மனுக்கு, அந்தக் கடலில் தொழில் செய்கிற சனத்தின் வலை.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒன்று வருடத்தில் ஒரு தரம் வந்தாலே பெரிய காரியம். கெட்டிக்காரன் ஒருவன் என்றால் வாயை மூடிக்கொண்டு கடலைப் பார்த்திருப்பான். நான் பக்கத்திலிருந்தவரின் காதுக்குள் கத்தினேன்.

"அண்ணை, வலை! வலை முழுக்க மல்லிகை மொட்டு! எப்பிடி இருக்கும்?"

எஞ்சின் சத்தத்தில் அவருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. ஆள் வெளிறிப்போய், வாந்தி வருகிறவர்போல வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்.

"நல்லா இருக்கும் ஐயா. கொஞ்சம் அங்கால தள்ளி இருங்கோ, எனக்குச் சத்தி வருது."

அதை நான் முதல் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இறங்குதுறையில்

நான் குருக்கள் வீட்டுப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் சித்திரம் படித்தேன். படித்த படிப்புக்கு வேலை வரும் வரும் என்று பார்த்திருந்துவிட்டு, அண்ணாவோடு சாத்துப்படிக்குப் போகத் தொடங்கினேன். திருவிழாக் காலத்தில் சுவாமிக்குப் பட்டாலும் பூவாலும் குருத்தோலையாலும் அலங்காரம் செய்கிற தொழில் அது. ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்று வேண்டும். பூசை நேரத்துக்கு முடிந்திருக்க வேண்டும். நாளைக்குத் தாறன் என்று சொல்ல ஏலாது.

அண்ணா சுவிஸில் ஒரு கோயிலுக்குப் போய்விட்டதால், அனலைதீவில் அவர் செய்துவந்த அம்மன் கோயில் திருவிழா முதல் தடவையாக என் தனிப் பொறுப்புக்கு வந்தது. கோயில் தலைவர் இறங்குதுறையிலேயே காத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி ஐயா, கொண்ணர் இருந்தவரைக்கும் எங்களுக்கு ஒரு யோசினையும் இல்லை. உங்களை எங்களுக்குத் தெரியாது. தீர்த்தம் முடியட்டும், பாப்பம். சரிவந்தால் வாற வருசமும் நீங்கள்தான். சரிவராட்டி யாழ்ப்பாணத்தில ஆக்கள் இருக்கினம்."

"அண்ணை, தீர்த்தத்துக்கு ஒண்டு வைச்சிருக்கிறன்," என்று நான் அங்கேயே, பூப்பெட்டியைக் கூட இறக்கி வைக்காமல், வலைக் கதையை விரிக்கத் தொடங்கினேன்.

போஸ்ரர்

கோயிலில் பூக்கட்டுகிறவர் ரதியக்கா. அவருடைய கணவர் செல்வம் அண்ணை கடற்தொழில். கதையைக் கேட்டதும் அவர் நூலையும் வலை பின்னுகிற ஊசியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"முடிச்சுப் போடப் பழகோணும் ஐயா. இப்பவே தொடங்கினால்தான் தீர்த்தத்துக்கு முடியும்."

"ஓம் அண்ணை. முதல்ல போஸ்ரரை முடிச்சிட்டு வாறன்."

ஆம், போஸ்ரர். கடல் நீல நிறத்தில், நடுவில் வெள்ளை வலை, "தீர்த்தத் திருநாளில் மல்லிகை வலை" என்று பெரிய எழுத்து. எழுத்துருவை மட்டும் எத்தனை தரம் மாற்றினேன் என்று கேட்காதீர்கள். அதைத் திருவிழாச் செலவை ஏற்கிற உபயகாரர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். அனலைதீவை விட்டுப் போன ஆட்கள் எந்த எந்த நாட்டில் இருக்கிறார்களோ, அத்தனை நாட்டிலிருந்தும் கைகூப்புகள் வந்து விழுந்தன.

"அருமை தம்பி ஐயா!"

"வலைக்குள்ள ரண்டு மீன் வைச்சால் இன்னும் திறம்."

"மீன் வேண்டாம், கோயிலெல்லோ. தாமரை வையுங்கோ."

"லைற் போடுவியளோ?"

எல்லோருக்கும் பதில் எழுதினேன். சொல்லச் சொல்ல வலை வளர்ந்தது. தாமரை வந்தது, சங்கு வந்தது, ஒரு கட்டத்தில் மயிலும் வந்தது. அம்மனுக்கு ஏன் மயில் என்று எனக்கே தெரியவில்லை. வேலை முடிந்தபின் வாங்க வேண்டிய கைதட்டலை நான் முற்பணமாக வாங்கிச் செலவழித்துவிட்டேன். பிறகு அந்த வலையை நினைத்தால், ஏற்கெனவே செய்து முடித்த வேலையை மறுபடி செய்யச் சொல்வதுபோல அலுப்பாக இருந்தது. உண்மையில் ஒரு முடிச்சுக்கூடப் போட்டிருக்கவில்லை.

போதாக்குறைக்கு, கொடியேற்றத்தன்றே என்னிடமிருந்த வித்தை எல்லாவற்றையும் இறக்கினேன். அண்ணா முதல் நாளைக்கு எப்போதும் எளிமையாகத்தான் செய்வார். நான் அதை அவருடைய கற்பனைக் குறைவு என்று நினைத்திருந்தவன். அடுத்த நாள் அதைவிடப் பெரிதாகச் செய்ய வேண்டி வந்தது. அதற்கடுத்த நாள் அதைவிட. நேரம் போதாமல் சாப்பாட்டை விட்டேன். கலைஞன் என்றால் சாப்பிடாமல் கிடப்பான் என்று எங்கோ நினைப்பும் இருந்தது.

"ஐயா, விரதமோ?" ரதியக்கா கேட்டார்.

"இல்லையக்கா, வேலை."

"ஏன், சாப்பிட்டா வேலை கோவிக்குமோ?"

நான் குழுவில் வந்த கைகூப்புகளைப் பார்க்கப் போனேன்.

பிரித்துக் கட்டியது

தேருக்கு முந்தின இரவு வருகிற சப்பறத் திருவிழாவுக்கு முதல்நாள் தாமரை மொட்டுகளால் பின்பலகை ஒன்று செய்தேன். சொன்னால் பெருமை, உண்மையில் நன்றாகவே வந்திருந்தது. வசந்தமண்டபத்தில் திரை போட்டு, அம்மனை எழுந்தருளப் பண்ணி, எல்லாம் முடிந்தது. பூசை செய்கிற மாமா வெளியே தீபங்களை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். இவர் என் தாய்மாமன். என்னைவிட அதிகம் என் வேலைக்குப் பயந்துகொண்டிருந்தவர்.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. திரை விலக முதல் சுவாமியைப் படம் எடுக்கிற அளவுக்கு விசர் இல்லை. பின்பலகையை மட்டும் எடுத்துக் குழுவில் போட்டேன். ரொறன்ரோவில் இருந்து ஒருவர் உடனே எழுதினார்:

"தம்பி ஐயா, இதே மாதிரி இங்க ஒரு கலியாண மண்டபத்தில கண்டனான்."

அவ்வளவுதான். எனக்கு அந்தப் பலகை அப்போதே கலியாண மண்டபமாகிவிட்டது. பிடுங்கத் தொடங்கினேன்.

"என்னடா சத்தம்?" திரைக்கு வெளியே மாமாவின் குரல்.

"ஒண்டுமில்லை மாமா. சின்னத் திருத்தம்."

"கலைச்சுப்போட்டியோ?"

"கொஞ்சம்."

"கொஞ்சமெண்டால்?"

"முழுக்க."

வெளியே மாமா மேளக்காரரிடம் இன்னும் கொஞ்சம் வாசிக்கச் சொன்னார். நாதஸ்வரக்காரர் தமக்குத் தெரிந்ததையெல்லாம் வாசித்துத் தீர்த்து, பிறகு முதலில் வாசித்ததையே மறுபடி எடுத்தார். தவில்காரர் திரையைப் பார்த்துப் பார்த்து அடித்தார். தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார் என்பது அவர் இருமுகிற இருமலில் தெரிந்தது.

"டேய்," மாமா திரையோடு வாயை வைத்துச் சொன்னார், "உன்ர கலைக்கு அம்மன் காத்துக்கொண்டிருக்க வேணுமோ?"

எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. கடைசியில் முதல் இருந்ததையே திரும்பக் கட்டினேன், கொஞ்சம் கோணலாக. பூசை முடிந்தபின் குழுவில் படம் வந்தது. ரொறன்ரோக்காரர் எழுதியிருந்தார்: "இப்ப நல்லா இருக்கு. முந்தினதிலும் பாக்கத் திறம்."

தேர்

தேரன்று விடிய, திரைக்கு உள்ளே பூக்களின் நடுவில் இருந்தேன். நல்ல பூக்கள். ஐஸ் பெட்டியில் வந்தவை, ஒன்றும் வாடவில்லை. ஒரு மாலையை எடுத்தேன், வைத்தேன். இன்னொன்றை எடுத்தேன், வைத்தேன். எங்கே கட்டுவது என்று கை கேட்டது. தலை பதில் சொல்லவில்லை. பயந்துபோனேன் என்று எழுதத்தான் ஆசை. பயப்படவும் தெம்பிருக்கவில்லை. எண்ணெய்ப் பீப்பாயில் சாய்ந்து ஒரு நிமிடம் கண்ணை மூடினேன்.

எழும்பியபோது மாமா அம்மனுக்குச் சிவப்புப் பட்டு கட்டி முடித்திருந்தார். ஒரு செவ்வலரி மாலை. வேறொன்றும் இல்லை.

"மாமா, என்ர பூ..."

"நீ படு. தேர் இழுக்க உன்ர பூ தேவையில்லை."

திரை விலகியது. "அம்மாளாச்சி!" என்று சனம் ஒரே குரலில் கூப்பிட்டது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, அலங்காரக்காரன் நான்தான் என்று தெரியாமல், தன் மகளுக்குச் சொன்னார்:

"இண்டைக்குத்தான் பிள்ளை அம்மாளைப் பாக்கக்கூடியதா இருக்கு. இவ்வளவு நாளும் பூவையெல்லோ பாத்தம்."

தேர் இருப்புக்கு வந்தபின் மடப்பள்ளியில் குந்தி இருந்து, நாள்கணக்கில் முதல் தடவையாக ஒழுங்காகச் சோறு சாப்பிட்டேன். வயிறு நிறைந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. காலையில் நான் குறட்டை விட்டபோது திரைக்கு அந்தப் பக்கம் தீவு முழுவதும் நின்றது. ஒருவர்கூடத் திரையை விலக்கிப் பார்க்கவில்லை. எதுவரை வந்திட்டுது, என்ன பூ, ஏன் அந்தப் பூ என்று ஒருவரும் கேட்கவில்லை. திரை போட்டால் கேள்வியில்லை. அது தீவுக்கே தெரியும், பிறந்த பிள்ளைக்கும் தெரியும். அந்தத் திரைக்கு உள்ளே இருந்துகொண்டு, கையில் ஒரு போனைப் பிடித்து, அதில் ஓட்டை போட்டது நான் ஒருவன்தான். பிறகு ஓட்டையால் காற்று வருகிறது என்று குளிர் பிடித்துப் படுத்தவனும் நான்தான்.

மயில், சங்கு, தாமரை எல்லாவற்றையும் மனதில் அழித்தேன். வலை மட்டும் மிச்சம். மறுநாள் காலை தீர்த்தம். அது பிழைத்தால் யாழ்ப்பாணத்தில் ஆட்கள் இருக்கிறார்கள்.

போனைக் கொண்டுபோய் ரதியக்காவிடம் கொடுத்தேன்.

"இதை வைச்சிருங்கோ அக்கா. நான் கேட்டாலும் தராதேங்கோ."

அவர் அதை அரிசி வாளிக்குள் போட்டு மூடினார். "ஆரும் எடுத்தால் என்ன சொல்ல?"

"திரை போட்டிருக்கெண்டு சொல்லுங்கோ."

முடிச்சு

செல்வம் அண்ணை வேப்பமரத்தடியில் இருந்து முடிச்சுப் பழக்கினார். நான் போட்ட முதல் வரிசையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஐயா, இந்தக் கண்ணுக்குள்ளால திமிங்கிலமும் போகும்."

அவிழ்த்தேன். மறுபடி போட்டேன். இப்போது சுறா போகும் என்றார். பின்னேரம் ஆனபோது சின்னச் சூடைமீனும் அகப்படும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன். அரிசி வாளி இடைக்கிடை முனகியது. கை ஒவ்வொரு தரமும் அந்தப் பக்கம் போகப் பார்த்தது, ஆனால் முடிச்சு பாதியில் இருந்தது. பாதி முடிச்சை விட்டுவிட்டு எழும்ப ஏலாது, நூல் கலைந்துவிடும். இப்படி ஒரு பாதுகாப்பை யார் கண்டுபிடித்தார்களோ, கும்பிட வேண்டும்.

ஒருமுறை ரதியக்கா போனை எடுத்து, "திரை போட்டிருக்கு," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். சற்று நேரத்தில் தலைவர் நேரிலேயே வந்தார்.

"என்ன பிள்ளை, எடுத்தால் திரை எண்டு சொல்லி வைக்கிறாய்? வெய்யிலுக்குள்ள என்ன திரை? நான் தலைவர்!"

"ஆரெண்டாலும் திரைதான் அண்ணை."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் நிமிரவில்லை. பல்லுக்கிடையில் நூல் இருந்ததால் பேசவும் முடியவில்லை. அவர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

பொழுதுபட வலை முடிந்தது. போஸ்ரரில் இருந்ததைப்போல மண்டபத்தை நிறைக்கிற வலை அல்ல, தலை துவட்டுகிற ஒரு துவாய் அளவு. ரதியக்காவும் நானும் மொட்டு வைத்துக் கட்டி ஐஸ் பெட்டிக்குள் வைத்தோம். நான் முழுக்க முழுக்க அலங்காரக்காரனாக இருந்தது அந்தத் திருவிழாவில் அந்த அரைநாள்தான்.

தீர்த்தம்

காலையில் பெட்டியைத் திறந்தால், ஐஸ் போதாமல் மொட்டெல்லாம் விரிந்து கிடந்தன. மல்லிகை விரியும் என்பது பூக்காரப் பிள்ளைகளுக்கும் தெரியும். சித்திரம் படித்த எனக்குத்தான் அது பெரிய செய்தி. வலைக்கண்கள் அடைபட்டுப்போய், வலை வெறும் வெள்ளைத் துணிபோல இருந்தது. பிடுங்கு என்று கை துடித்தது. பிடுங்கவில்லை. பிடுங்கினால் கட்ட வேறொன்றும் இல்லை என்பதும் ஒரு காரணம்.

திரை விலகியபோது "நல்ல பூப்போர்வை" என்று யாரோ சொன்னார்கள். வலை என்று ஒருவரும் சொல்லவில்லை. பிறகு அம்மன் கடற்கரைக்கு எழுந்தருளினாள். தண்ணீர் ஓரத்தில் சுவாமியை நிறுத்தியபோது காற்று வந்து வலையைத் தூக்கியது. விரிந்த பூக்கள் ஒரு பக்கம் சாய்ந்தன, வலைக்கண்கள் திறந்தன. இடுப்பளவு தண்ணீரில் நின்ற செல்வம் அண்ணை ரதியக்காவைக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது.

"இஞ்சேரும்! வலைக்குள்ளால கடல் தெரியுது!"

பக்கத்தில் நின்ற தொழிலாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் வலைக்கண்ணை எண்ணுவதுபோல விரலைக் காட்டினார். அடுத்த காற்றில் பூக்கள் கொட்டத் தொடங்கின.

பூசையெல்லாம் முடிந்தபின் தலைவர் வந்தார்.

"போஸ்ரரைப் பாத்திட்டுப் பெரிசா இருக்குமெண்டு நினைச்சம்."

"ஓம் அண்ணை. போஸ்ரர்தான் பெரிசு."

அவருக்குச் சிரிப்பு வந்ததை மீசைக்குள் மறைத்தார். "வாற வருசம் முழுக்கத் தர ஏலாது. மற்ற நாளுகளை உங்கட மாமா சிவப்புப் பட்டோட பாத்துக்கொள்ளுவார். தீர்த்தத்தை மட்டும் நீங்கள் செய்யுங்கோ."

முகம் சுருங்கத்தான் செய்தது. படகடிக்கு நடக்கும்போதுதான் கணக்குப் பிடிபட்டது. ஒரு திருவிழாவை ஒரே நாளில் எரித்து முடிக்கிற ஆளுக்கு ஒரே ஒரு நாளைக் கொடுத்திருக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான சம்பளம் கிடையாது.

திரும்பும் படகில்

வெறும் பெட்டிகளோடு ஏறி இருந்தேன். இறங்குதுறைக்கு மேலே ஒரு வெள்ளைக் கடற்புறா, காற்றுக்கு எதிராக நின்ற இடத்திலேயே பறந்துகொண்டிருந்தது. அப்போது மறுபடியும் ஒன்று தோன்றியது. உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் இருந்தது யார் என்று பார்த்தால், வரும்போது இருந்த அதே மனிதர்.

"ஐயா, முகம் நல்ல வெளிச்சமா இருக்கு. வாற முறைக்கு என்ன?"

வாயைத் திறந்தேன். எஞ்சின் இரைந்தது. வாயை மூடினேன்.

"கொஞ்சம் தள்ளி இருங்கோ அண்ணை. எனக்குச் சத்தி வருது."

வாற வருடத் தீர்த்தத்துக்கு அதைத்தான் செய்யப் போகிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு சின்னத் துண்டு செய்து பார்க்கிறேன். சாப்பிட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன். போன் ரதியக்கா தந்துவிட்ட வாளிக்குள் கிடக்கிறது. இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. அதற்கு வெள்ளையாக நிறையப் பனங்குருத்து வேண்டும், அதோடு நடுவில் ஒரு...

சரி. திரை போட்டிருக்கிறது.