ஜிப்பை ஏற்றிய நல்லு

என் கொழுந்தனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஊருக்கு அவன் நல்லு. அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் ஒரு ஜிப்.

அவன் சம்பளத்துக்கு சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறவன். அவன் அணிக்குச் செலவு செய்வது ஒரு மெத்தைக் கம்பெனி. ஆகவே கம்பெனி பெயர்தான் அணிக்கும் பெயர்: நல்லுறக்கம். நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் சின்னக் கடையில் அந்தப் பெயரைச் சூட்டு மெஷினில் அழுத்தி ஜெர்சிகளில் ஒட்டிக் கொடுப்போம். நெஞ்சின் குறுக்கே பெயர். அதன் நடுவே மேலிருந்து கீழாக ஜிப். மேட்டில் ஏறும்போது வெக்கை தாங்காமல் பையன்கள் ஜிப்பை இறக்கிவிடுவார்கள். பெயர் இரண்டாகப் பிளந்துவிடும். 'றக்கம்' காற்றில் மடங்கிக்கொள்ள, டிவியில் 'நல்லு' மட்டும் தெரியும். பார்த்தவர்கள் அதையே சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

கம்பெனியில் விளம்பரத்தைப் பார்க்கிற அம்மாளுக்கு இது பிடிக்கவில்லை. ஒருநாள் கடைக்கே வந்துவிட்டார். நல்லுவும் அங்கேதான் இருந்தான்.

"ஊரே நல்லு நல்லுன்னு கூப்பிட்டா மெத்தையை யாருங்க வாங்குவா?"

"பேரைக் கொஞ்சம் மேல தூக்கி ஒட்டிடலாம்மா," என்றார் என் வீட்டுக்காரர்.

"மேல தூக்கினாலும் ஜிப்பு அங்கயும்தானே வருது? கேமரா பக்கத்துல வந்தா ஜிப்பை ஏத்தச் சொல்லுங்க. அது போதும்."

"சரிங்க மேடம்," என்றான் நல்லு. "வெந்தாலும் மூடிக்கிட்டே வேகறேன்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார்.

அவன் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பந்தயம் தொடங்கியதுமே நாலைந்து பேர் கூட்டத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு முன்னால் ஓடுவார்கள். பெரிய ஆட்கள் சிரமப்படாமல் பின்னால் வந்து, கடைசியில் அவர்களை எட்டிப் பிடித்து ஜெயிப்பார்கள். முன்னால் ஓடுகிறவர்களுக்கும் அது தெரியும். ஆனால் அதுவரைக்கும் டிவி கேமரா அவர்களோடுதான் போகும். கம்பெனி பெயரைக் காட்டுவதற்காகவே முன்னால் ஓடி, பிறகு பிடிபடுவது. அதுதான் நல்லுவின் பிழைப்பு. பக்கத்துக் கடையில் சாவி செய்கிற சாவிக்காரர் அவனைக் கேலி பண்ணாமல் விடமாட்டார்.

"ஏன்டா நல்லு, இன்னிக்கும் மாட்டிக்கிட்டியா?"

"மாட்டிக்கத்தானே அண்ணே சம்பளம்."

அந்த வருஷக் கடைசியில் கம்பெனி விலகப் போகிறது என்று பேச்சு வந்தது. அணியிலேயே வயதில் மூத்தவன் நல்லுதான். வேறு எந்த அணியும் அவனை எடுக்காது. என்னிடம் மட்டும் சொன்னான்.

"இன்னும் ஒரு வருஷம் ஓட்டிட்டா மனசு ஆறிடும் அண்ணி. உங்க சாமிகிட்ட சொல்லி வைங்க."

சொல்லி வைத்தேன். மெஷின் சூடேறுகிற நேரமெல்லாம் அதைத்தான் சொன்னேன்.

வருஷத்தின் கடைசிப் பந்தயத்தைக் கடை டிவியில் பார்த்தோம். வழக்கம்போல முன்னால் ஓடினான். கூட ஓடியவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். பின்னால் வந்த கூட்டமோ யார் துரத்துவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நேரத்தை விட்டுவிட்டது. கடைசித் தெருவுக்குள் நல்லு தனியாக நுழைந்தான். கொஞ்ச தூரத்தில் ஒரே ஒருத்தன், தலையைக் குனிந்துகொண்டு வந்தான். சாவிக்காரர் தன் கடையை விட்டுவிட்டு எங்கள் டிவி முன்னால் வந்து நின்றார். நான் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் கேமரா அவன் முகத்துக்கு நேரே வந்தது. உடனே இரண்டு கையையும் எடுத்து ஜிப்பை ஏற்றினான். கால் ஒரு நொடி தளர்ந்தது. பின்னால் வந்தவன் டயர் அகலத்தில் முந்திக்கொண்டான்.

"எவன்டா இவனை ஜிப்பைத் தொடச் சொன்னது?" என்றார் சாவிக்காரர். சொன்னது இதே கடையில்தான்.

அதற்குப் பிறகு நல்லு சரியாகத் தூங்கவில்லை. காலையில் கண் சிவந்து வந்து உட்காருவான். கேட்டால், "கண்ணை மூடினா அவன் டயர்தான் தெரியுது," என்பான்.

விளம்பரத்து அம்மாள் ஒரு படத்தோடு வந்தார். கோட்டைத் தாண்டும் படம். ஜெயித்தவனின் ஜிப் திறந்து கிடந்தது. அவன் எந்தக் கம்பெனி என்றே படிக்க முடியவில்லை. நல்லுவின் நெஞ்சில் 'நல்லுறக்கம்' ஒரு மடிப்புகூட இல்லாமல் இருந்தது.

"முதலாளிக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அடுத்த வருஷமும் நாங்கதான் அணியை நடத்தறோம், நீங்களும் இருக்கீங்க. ஆனா ஒண்ணு. நீங்க மெத்தையில படுத்திருக்கிற மாதிரி ஒரு படம் எடுக்கணும். கீழ 'தோத்தாலும் நல்லுறக்கம்'னு போடப் போறோம்."

அவர் போன பிறகு நல்லு வெகுநேரம் ஜிப் ஒன்றை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான்.

"தோத்ததைக்கூட விக்கலாம்னு எனக்குத் தெரியாது அண்ணி. அதுவும் பொய். நான் எங்க தூங்கினேன்?"

"மனசுக்குப் பிடிக்கலன்னா வேண்டாம்னு சொல்லுப்பா. ஆண்டவன் வேற வழி விடுவார்."

"எனக்கு வேற வழி வேண்டாம். இந்த வழிதான் வேணும்."

புது ஜெர்சி ஒன்றை அழுத்தி எடுத்துக்கொண்டு அவனோடு நானும் போனேன்.

படம் எடுக்கிற கூடத்தில் நாலு பக்கமும் விளக்கு. நடுவில் வெள்ளை மெத்தை. படுத்தான். "தூங்கற மாதிரி நடிங்க சார்," என்றார் போட்டோக்காரர். அவர் விளக்கை நகர்த்தி, வெளிச்சக் குடையைத் திருப்பி, திரும்பி வருவதற்குள் நல்லுவின் வாய் லேசாகத் திறந்துவிட்டது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. விளக்கின் சூட்டில் கை தானாகப் போய் ஜிப்பைப் பாதிக்கு இறக்கியிருந்தது. நெஞ்சில் பெயர் பிளந்து கிடந்தது.

"ஐயோ, எழுப்புங்க. ஜிப்பை ஏத்தணும்," என்றார் விளம்பரத்து அம்மாள்.

பெரிய இடத்தில் வாய் திறந்து எனக்குப் பழக்கமில்லை. எப்படியோ வந்துவிட்டது. "கொஞ்சம் பொறுங்கம்மா. இவன் தூங்கிப் பல நாளாச்சு."

அவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "அப்படியே எடுங்க," என்றார்.

இப்போது அந்தப் படம் பெரிய சாலை ஏற்றத்தின் அடியில் பலகையாக நிற்கிறது. ஜிப் முழுக்க ஏறியிருக்கிறது; அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்களாம். முகத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

புது வருஷத்து ஜெர்சியை வாங்கிப் போட்டுக்கொண்டு நல்லு வாசலில் சைக்கிளோடு நின்றான்.

"பலகையைப் பார்த்தீங்களா அண்ணி? என் நடிப்பு எப்படி?"

"நடிப்பு சுமார்தான்," என்றேன்.

சிரித்துக்கொண்டே ஜிப்பை இறக்கிவிட்டு, ஏற்றத்தைப் பார்த்துப் போனான்.