அச்சில் இல்லாத வரி

எழுத்துக் கூட்டத் தெரியாத பேச்சியக்காவிடம், புத்தகத்தில் இல்லாத ஒரு வரியை இருப்பதாக வாசித்துக் காட்டினேன். அவர் அதை நம்பினார். இதைத்தான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

பசுவந்தனைக்கு அருகே, கரிசல் காட்டை ஒட்டிய என் வீட்டை விடுமுறைக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். பின்கட்டு அறையில் நான் மட்டும். விருந்தாளிகளுக்கென்று கையேடு ஒன்று தயாரித்தேன். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், கம்மங்கூழ் எங்கே கிடைக்கும், ஊருக்கும் மண்ணுக்கும் கேடில்லாமல் எப்படிச் சுற்றிப் பார்ப்பது... எல்லாம் அதில் உண்டு. எனக்கு அதில் தலைக்கனமும் உண்டு!

மழைநீர் தேங்கும் எங்கள் ஊருணியைப் பற்றியும் எழுதினேன். ஊரே குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். கரையேறும்போதே செருப்பைக் கழற்றிவிடுவோம், தண்ணீரில் கால் வைக்க மாட்டோம். அதையும் எழுதிவிட்டு, பிறகு அழித்தேன். ஏன்? வருகிறவர்களை அதட்டுவது போலிருந்ததாம் எனக்கு! ‘ஊருணிக்குப் போய் வாருங்கள்’ என்று மட்டும் அச்சிட்டேன்.

அதைப் படித்துவிட்டு, தங்க வந்த ஒரு குடும்பம் ஊருணிக்குப் போனது. இறங்கி, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தது.

ஊருணிக்குக் காவல் பேச்சியக்கா. கரையோரம் ஆடு மேய்க்கிறவர் என்பதால் ஊர் அவரிடம் ஒப்படைத்திருந்தது. அன்று ஓர் ஆடு குட்டி போடத் திணறியதால் அவரால் வீட்டை விட்டு நகர முடியவில்லை. ஊருணித் தண்ணீர் கெட்டு, ஊர் லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றது, பழி அவர் தலையில் விழுந்தது.

நேரே என்னிடம் வந்தார்.

“தம்பி, நம்ம ஊருணியப் பத்தி ஒங்க பொஸ்தகத்துல என்ன எழுதியிருக்கீய? வாசிங்க, கேப்போம்.”

பக்கத்தைத் திறந்தேன். “செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையேறுங்கள். தண்ணீரில் இறங்காதீர்கள். இது ஊர் குடிக்கும் நீர்” என்று வாசித்தேன். குரல்கூட நடுங்கவில்லை... எப்படி நடுங்காமல் போயிற்று?

“சரியாத்தான் எழுதியிருக்கீய. வந்தவிய கேக்கல, நானும் அங்கன இல்ல. அப்போ தப்பு எம்மேலதான்.”

ஊர்க்கூட்டத்திலும் அதையே சொல்லிக் காவலை விட்டுக்கொடுத்தார். நான் பின்வரிசையில் நின்றிருந்தேன். கோழை!

கையேட்டைத் திருத்திவிட்டேன். அவரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. இப்போது அவர் ஊருணிப் பக்கமே போகாமல், சுற்றுவழியில், என் வாசலைக் கடந்து ஆடுகளை ஓட்டிப்போகிறார்.

“சாப்ட்டீயளா தம்பி?”

விருந்தாளிகள் இல்லாத நாட்களில் என்னிடம் பேசுகிற ஒரே குரல் அது. உண்மையைச் சொன்னால் அதுவும் நின்றுபோகும்... இன்று காலையும், “ஆச்சுக்கா” என்று மட்டும் சொன்னேன்.